அவனவன் தன் வீட்டுக்கு எதிரே



பழைய ஏற்பாட்டில் நெகேமியாஸ் ஆகமம் என்று ஒன்று உண்டு. அதன் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தால் வெறும் பெயர் ஜாபிதா என்றே தோன்றும். இன்னாருடைய மகன் இன்னார் இந்த வாசலைக் கட்டினான், அவனுக்கு அடுத்தாற்போல் இன்னார் அந்தத் துண்டைக் கட்டினான் என்று முப்பது வசனத்துக்கு மேல் போகிறது. பிரசங்கம் செய்ய இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். ஆனால் யுத்தத்தால் பாழான ஓர் ஊரை மறுபடியும் எழுப்புவது எப்படி என்பதை இந்த ஜாபிதாவைப்போல் தெளிவாகச் சொல்லும் இடம் வேறொன்றைக் காண்பது அரிது.

சங்கதி இதுதான். சத்துருக்கள் ஜெருசலேம் பட்டணத்தின் மதிலை இடித்து, வாசல்களைத் தீக்கிரையாக்கி, ஜனங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். நூறு வருஷத்துக்கு மேல் சென்றபின், கி.மு. 445-ம் வருஷம் அளவில், பெர்சிய ராஜாவின் அரண்மனையில் ஊழியம் செய்த நெகேமியாஸ் அதிகாரம் பெற்று ஊருக்கு வருகிறார். வந்தவர் உடனே கூட்டம் கூட்டவில்லை. இராத்திரியில் சிலரோடு புறப்பட்டு இடிந்த மதிலைச் சுற்றிப் பார்க்கிறார். அதன்பின் ஜனங்களை அழைத்து, வாருங்கள், கட்டுவோம் என்கிறார். ஐம்பத்திரண்டு நாளில் மதில் எழும்பிவிட்டது.

எப்படி எழும்பிற்று? பிரதான குருவும் மற்றக் குருக்களும் முதலில் கல்லெடுத்தார்கள். தட்டார் ஒரு பங்கைக் கட்டினார்கள். வாசனைத் தைலம் செய்கிறவனும் கட்டினான். ஒருவன் தன் குமாரத்திகளோடு வந்து கட்டினான். குப்பைமேட்டு வாசலைக் கட்டும் வேலையை ஒரு நாட்டாதிபதியே ஏற்றுக்கொண்டான். அநேகருக்குக் கொடுக்கப்பட்ட பங்கு, அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த துண்டுதான். தன் வீட்டு வாசலுக்கு எதிரே உள்ள சுவரை எவனும் அரைகுறையாகக் கட்டமாட்டான் அன்றோ? ஆனால் பக்கத்து வீட்டான் கட்டிய துண்டோடு அது சேராவிட்டால் அது மதிலாகாது. ஆகையால் அவனவன் தன் பங்கைக் கட்டினான். எல்லாம் சேர்ந்து ஊர் மதிலாயிற்று. ஓர் ஊரின் பெரிய மனிதர் மட்டும் இந்த வேலைக்குக் கழுத்துக் கொடுக்கவில்லை என்று அந்த ஆகமம் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

இதை இன்று எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. நம் தமிழைப் பேசும் ஜனங்கள், நமக்கு எதிர்க் கரையில், இதே வேலையை நம் காலத்திலேயே செய்யவேண்டி வந்தது. இலங்கையில் 1983-ம் வருஷம் மூண்ட யுத்தம் 2009-ம் வருஷம் மே மாதத்தில் முடிந்தது. அங்கிருந்து ஓடிவந்தவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். நம் தேனி மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் விட்டுவந்த ஊர்கள் எப்படிப் பாழாயின, எப்படி எழும்புகின்றன என்பதை நாம் அறிவது நியாயம். அதில் நமக்கும் பாடம் உண்டு.

முதலாவது, யுத்தம் வந்தால் வீடுகளுக்கு முன்னமே விழுவது ஊர்ச்சபை. யாழ்ப்பாணப் பட்டணத்தின் பொது நூலகத்தைப் பாருங்கள். 1933-ம் வருஷம் செல்லப்பா என்ற ஓர் அன்பர் தம் வீட்டில் புத்தகங்களை வைத்துத் தொடங்கிய சிறு முயற்சி அது. பிறகு ஊர்ச்சபை அதை ஏற்றுக்கொண்டது. பெரிய கட்டடம் வேண்டுமென்று ஊரார் கூடியபோது முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர், அர்ச். பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த லோங் சுவாமி. கட்டடத்துக்குப் படம் வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். ஆலோசனை சொன்னவர் நம் தமிழ்நாட்டு நூலக மேதை ரங்கநாதன். 1954-ல் அஸ்திவாரக் கல் வைத்தார்கள். 1959-ல் அன்றைய மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். இந்துக்களும் கிறிஸ்தவர்களும், இக்கரையாரும் அக்கரையாரும் சேர்ந்து எழுப்பிய ஊர்ச் சொத்து அது.

1981-ம் வருஷம் ஜூன் 1-ந் தேதி விடியுமுன் அது எரிந்தது. தீ வைத்தவர்கள் போலீசாரும் அவர்களோடு சேர்ந்து வந்த கும்பலும். ஏறக்குறைய 97,000 நூல்களும் பழைய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பல பாஷைகளில் பண்டிதரான தாவீது சுவாமி, தூரத்திலிருந்து அந்த நெருப்பைப் பார்த்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார்.

நூலகத்தைப் பறிகொடுத்த அந்தச் சபைக்கு வேறு அடிகளும் விழுந்தன. நூலகத்தைத் திறந்து வைத்த துரையப்பா 1975-லேயே ஆயுதம் தாங்கிய இளைஞரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். 1998-ம் வருஷம் மேயராயிருந்த சரோஜினி யோகேஸ்வரன் அம்மையார் மே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் அந்த நாற்காலியில் அமர்ந்த பொன் சிவபாலன் அதே வருஷம் செப்டம்பர் மாதத்தில் குண்டு வெடித்து மாண்டார். நூலகத்தை மறுபடியும் கட்டி, 2003-ம் வருஷம் பெப்ரவரியில் திறக்க நாள் குறித்தபோது விடுதலைப் புலிகளிடமிருந்து எதிர்ப்பு வந்தது. மாநகர சபை அங்கத்தினர் ராஜினாமாச் செய்தார்கள், விழா நின்றது. அதன் பிறகே நூலகம் வாசகருக்குத் திறந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? அரசாங்கத்தின் ஆயுதமானாலும் எதிர்ப்பாளரின் ஆயுதமானாலும், குடிகள் கூடிப் பேசித் தீர்மானம் செய்யும் இடத்தை அது பொறுப்பதில்லை. தெரு விளக்கு, குடிதண்ணீர், சந்தை, வாசகசாலை என்று சின்னக் காரியங்களைப் பேசும் சபைதானே என்று நாம் அலட்சியமாக நினைக்கிறோம். ஆயுதம் பிடித்தவர்களோ அதன் பெறுமதியை நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள். யுத்தம் ஓய்ந்தபின்பும் முல்லைத்தீவு மாவட்டத்தில் புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்று ஆகிய இரண்டு பிரதேச சபைகளுக்குத் தேர்தல் பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2018-ல்தான் நடந்தது. கடைசிச் சண்டை நடந்த பூமி அது. யாருக்கு வாய்க்கால் முதலில், எந்தத் தெருவுக்குச் சாலை முதலில் என்று கேட்க, மிகுதியும் அடிபட்ட ஜனங்களுக்குத் தாங்கள் தெரிந்தெடுத்த ஒருவர்கூட ஒன்பது வருஷம் இல்லை.

இரண்டாவது, கட்டுவதற்கு முன் எண்ண வேண்டும். நெகேமியாஸ் மதில் முடிந்ததும் செய்த வேலை குடிக்கணக்கு எடுத்ததுதான். ஊர்க் கணக்கில் பெயர் இருப்பது சின்ன விஷயம் என்று நினையாதேயுங்கள்.

மன்னார் மேற்றிராணியாராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011-ம் வருஷம் ஜனவரியில் அரசாங்கம் நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய் நின்றார். ஆத்திரமான வார்த்தை ஒன்றையும் நம்பி அவர் போகவில்லை. கச்சேரிக் கணக்கைக் கொண்டுபோனார். 2008-ம் வருஷம் அக்டோபர் மாதத் தொடக்கத்தில் வன்னியில் இருந்த ஜனங்கள் 4,29,059 பேர் என்று கச்சேரி எழுதியிருக்கிறது. யுத்தம் முடிந்து அரசாங்கத்தின் வசம் வந்தவர்கள் 2,82,380 பேர். மற்ற 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். அந்த ஆண்டகை 2021-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி மரித்தார். கேள்வி இன்னும் மரிக்கவில்லை. குண்டு விழும்போதும் ஜனங்களோடேயே இருந்து தலை எண்ணி எழுதி அனுப்பிய உத்தியோகஸ்தர் வன்னியில் இருந்தார்கள். அவர்கள் எழுதிய கணக்கு இல்லாவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவும் வழியிருந்திராது.

கணக்கில் வேறொரு சோதனையும் உண்டு. 1990-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை, ஏறக்குறைய எழுபதாயிரம் பேருக்கு மேல், வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். இருபது வருஷம் சென்று அவர்கள் திரும்பி வந்தபோது, அடுத்த ஊரில் பெருகிய குடும்பங்களை இந்த ஊர்க் கணக்கில் எழுதுவதா, வீட்டுக்கும் காணிக்கும் அவர்களுக்குப் பங்கு உண்டா என்று வழக்கு வந்தது. தானே அடிபட்டவன், தன்னைப்போல் அடிபட்ட வேறொருவனை ஊரான் என்று எழுத மனம் கொள்வானா? ஊரைக் கட்டுவதில் சிமிந்திக்கும் மணலுக்கும் முந்திய கேள்வி இதுதான். சமாரியன் உவமையில் நம் ஆண்டவர் கேட்டதும் இதையன்றி வேறென்ன?

மூன்றாவது, குடியானவன் கையாலேயே கட்ட விடவேண்டும். நம் இந்திய அரசாங்கம் இலங்கைக்கு 50,000 வீடுகள் கட்டிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. முதலில் 1,000 வீடுகளைக் கம்பெனிகளைக் கொண்டு கட்டினார்கள். அதன்பின் முறையை மாற்றினார்கள். 2012-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி தொடங்கிய பெரிய திட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் பழுதுபார்ப்பது உட்பட வீட்டுக்காரரே கட்டிக்கொள்ளும்படி, புது வீட்டுக்கு இலங்கைப் பணம் ஐந்தரை லட்சம் ரூபாய், வேலை எழும்ப எழும்பத் தவணையாக அவரவர் பாங்குக் கணக்கிலேயே போடப்பட்டது. கல் எங்கே வாங்குவது, கொத்தன் யார், அறை எந்தப் பக்கம் என்பதெல்லாம் வீட்டுக்காரர் விருப்பம். புருஷனை யுத்தத்தில் இழந்த ஸ்திரீகள் அநேகர் தாங்களே நின்று கொத்தனுக்குக் கல் எடுத்துக் கொடுத்து வீட்டை முடித்தார்கள். பின்னால் மழை ஒழுகினால் யாரைத் திட்டுவது என்று அவர்கள் தேடவேண்டியதில்லை. எங்கே ஒழுகுகிறது என்று அவர்களுக்கே தெரியும். தன் வீட்டுக்கு எதிரே கட்டுகிறவனின் கவனம் இதுதான்.

இரணைதீவு என்ற இடத்தையும் சொல்லவேண்டும். கிளிநொச்சி மாவட்டத்தில் கடலுக்குள் இருக்கும் தீவு. அங்கே குடியிருந்தவர்கள் நம் வேதத்தைச் சேர்ந்த மீன்பிடிக் குடும்பத்தார். 1992-ம் வருஷம் யுத்தத்துக்குப் பயந்து கரைக்கு வந்தார்கள். யுத்தம் முடிந்தும் தீவில் கடற்படை இருந்ததால் திரும்பிப் போய்க் குடியேற விடவில்லை. மனு மேல் மனுப் போட்டார்கள். 2017-ம் வருஷம் மே மாதம் முதல் தெருவில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் பெண்கள். ஒரு வருஷம் வரையில் பதில் இல்லை. 2018-ம் வருஷம் ஏப்ரல் 23-ந் தேதி வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில், குருக்களும் கூட வர, தாங்களே போய் இறங்கினார்கள். இறங்கியதும் பாழடைந்த தங்கள் கோயிலுக்குப் போய் ஜெபம் பண்ணினார்கள். அவர்கள் கையில் கத்தியில்லை, கல்லும் இல்லை. அடுத்த மாதத்தில் அரசாங்கம் இணங்கியது. அவர்கள் இப்படிச் செய்ததற்குக் காரணம், இருபத்தாறு வருஷமாக ஒரே ஊராகக் கூடியிருந்தார்கள் என்பதே. தீவை இழந்தார்கள், ஊர்க் கூட்டத்தை இழக்கவில்லை.

நான்காவது, கடன். நெகேமியாஸ் ஆகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், மதில் பாதி எழும்பும்போதே ஏழை ஜனங்கள் கூக்குரல் இடுகிறார்கள். வயலையும் வீட்டையும் அடகு வைத்துத் தானியம் வாங்கினோம், எங்கள் பிள்ளைகள் அடிமைப்படுகிறார்கள், வாங்குகிறவர்கள் எங்கள் சகோதரரே என்கிறார்கள். நெகேமியாஸ் கோபம் கொண்டு, வட்டியை விடுங்கள், நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று சபை நடுவில் சத்தியம் வாங்கினார். தாமும் பன்னிரண்டு வருஷம் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை. வெளிச் சத்துருவுக்கு எதிராக மதில் கட்டும்போது உள்ளேயே ஒருவன் மற்றவனை விழுங்கினால் அந்த மதில் எதற்கு?

இலங்கையிலும் இதே கதை. வீட்டுப் பணம் போதாமல் பலர் கடன்பட்டார்கள். யுத்தம் முடிந்த ஊர்களுக்குச் சிறு கடன் கம்பெனிகள் வீடு வீடாக வந்தன. வாரா வாரம் தவணை கட்ட ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிய தாய்மார் ஏராளம். கடைசியில் 2018-ல், வறட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய, ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட இத்தகைய கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்க வேண்டி வந்தது.

நிற்க. இதெல்லாம் கடலுக்கு அப்பால் நடந்தது, நம் தேவதானப்பட்டியில் யுத்தமா நடந்தது, சுவாமி என்று கேட்பீர்கள். சர்வேசுரனுடைய கிருபையால் நடக்கவில்லை. ஆனால் மதில் இடிந்தபின் கட்டுவதைக் காட்டிலும், இடியுமுன் காப்பது எளிது. நம் பக்கத்துக் கம்மாய்க்கும் வாய்க்காலுக்கும் முன்னோர் செய்த குடிமராமத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வருவான். அவனவன் வயலுக்கு எதிரே உள்ள வாய்க்காலை அவனவன் வெட்டுவான். எல்லாரும் வெட்டினால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போகும். மேல்மடைக்காரன் வராவிட்டால் அபராதம். நெகேமியாஸ் செய்ததை நம் பாட்டனாரும் செய்திருக்கிறார்கள். இன்று வாய்க்காலில் பிளாஸ்டிக் அடைத்தால் பஞ்சாயத்தைத் திட்டுகிறோம். மண்வெட்டி வீட்டில் துருப்பிடிக்கிறது.

ஆகையால் ஒவ்வொரு குடும்பத்தையும் மூன்று காரியங்களுக்கு அழைக்கிறேன்.

சுற்றுக் கிராமங்களில் இருப்பவர்கள் கிராம சபைக்குப் போங்கள். வருஷத்தில் சில நாட்கள்தான் அது கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 எல்லாருக்கும் தெரிந்த நாட்கள். தாய்மாரும் வாலிபரும் போகவேண்டும். பேரூராட்சியில் இருப்பவர்கள் தங்கள் வார்டுக் காரியத்தைக் கேட்டு அறியுங்கள். சண்டை போடப் போகவேண்டாம். கணக்கை வாசிக்கச் சொல்லி உட்கார்ந்து கேட்டாலே பாதி வேலை முடிந்தது. அரசியல் நமக்கு எதற்கு என்று சிலர் சொல்லுகிறார்கள். கட்சி உங்கள் விருப்பம்; அதைப்பற்றி நான் பேசவில்லை. குடிதண்ணீரும் மயானப் பாதையும் கட்சியல்ல, பிறர்சிநேகம்.

இரண்டாவது, வீடு கொடுக்கும் ஜாபிதாவோ, வேலை கொடுக்கும் ஜாபிதாவோ வரும்போது, நம் ஆள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதேயுங்கள். யாருடைய பெயர் விட்டுப்போயிற்று என்று பாருங்கள். வேறு சாதித் தெரு, வேறு வேதத்தார், ஆள் துணையற்ற விதவை, முகாமில் இருக்கிறவர்கள் இவர்களுடைய பெயர்தான் விட்டுப்போகும். முகாமில் பிறந்து, முகாமிலேயே கலியாணமாகி, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். 2021-ம் வருஷம் அந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று அரசாங்கம் பெயர் மாற்றிற்று. பெயரை அரசாங்கம் மாற்றலாம். அவர்களை அயலார் என்று பேசும் நம் வாயை நாம்தான் மாற்றவேண்டும்.

மூன்றாவது, வட்டிக்கு விடுகிறவர்கள் நம் பங்கிலும் இருந்தால், பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருமுன் நெகேமியாஸ் ஆகமம் ஐந்தாம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். குழுக்கடனில் மூச்சுமுட்டும் தாய்மார் வெட்கப்படாமல் சொல்லுங்கள், கூடி யோசிப்போம். ஒளித்து வைத்த கடன்தான் வீட்டை இடிக்கும்.

பிரியமானவர்களே, மதில் கட்டின ஜாபிதாவில் கல்லெடுத்தவர்களின் பெயரும் இருக்கிறது, கழுத்துக் கொடுக்காதவர்களின் ஊரும் இருக்கிறது. இரண்டாயிரத்து நானூறு வருஷம் கழித்தும் அது அழியவில்லை. அந்த ஊரில் சாதாரண ஜனங்களோ, பெரியவர்கள் வராமற்போனாலும், தங்கள் பங்கைக் கட்டி முடித்து இரண்டாவது பங்கும் கட்டினார்கள். அவர்களைப்போல் நம்மையும் சர்வேசுரன் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி, இந்த வாரம் உங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் இடிந்த துண்டு எது என்று குடும்ப ஜெபமாலைக்குப்பின் எல்லாரும் உட்கார்ந்து பேசுங்கள். பேசி, ஒரு கல்லாவது எடுத்து வையுங்கள்.

ஆமென்.